தேய்ந்ததும் தேய்த்ததும்

வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளில் நிகழ்கிற சடங்கொன்று உண்டு. சாமான்கள் வண்டியேறிய பின், வெற்று அறைகளினூடே வீட்டுக்காரர் முன்னே நடப்பார். குடியிருந்தவர் பின்னே நடப்பார். வீட்டுக்காரர் சுவரைத் தடவுவார், குழாயைத் திறந்து மூடுவார், கதவை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார். கூடத்துக்குத் திரும்பியதும் அவருடைய சட்டைப்பையிலிருந்து ஒரு தாள் வெளிவரும். அந்த நடைக்கும் அந்தத் தாளுக்கும் தொடர்பில்லை. தாள் முதல்நாளே எழுதப்பட்டுவிட்டது.

2019 ஜூனில் அப்படியொரு தாள் நம் கைக்கும் வந்தது. சென்னையின் தென்புறநகரில் ஆறாண்டுகள் குடியிருந்த வீடு. குடிபுகுந்தபோது மாத வாடகை 12,000 ரூபாய். நகரத்து வழக்கப்படி பத்து மாத வாடகையான 1,20,000 ரூபாய் அட்வான்ஸ். தாளில் இருந்த கணக்கு இது: பெயிண்டிங் 28,000, கதவுகளுக்குப் பாலிஷ் 4,000, குழாய்கள் மாற்ற 3,500, வீட்டைக் கழுவித் துடைக்க 2,000, ஆணித் துளைகளை அடைக்க 1,500. ஆக 39,000 ரூபாய் பிடித்தம், மீதி 81,000. இது என்ன கணக்கு என்று கேட்டோம். "ஆறு வருஷம் ஆச்சே சார், சுவரைப் பாருங்க" என்றார் வீட்டுக்காரர்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஆறு வருடம் ஆகிவிட்டது என்பதைக் குற்றச்சாட்டாகச் சொன்னார் அவர். உண்மையில் அது நம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிற வாக்குமூலம். அவரும் அதை உணரவில்லை. வெட்கத்துடன் சொல்கிறோம், அன்று நாமும் உணரவில்லை. கையெழுத்திட்டுவிட்டு வந்தோம்.

தமிழ் இலக்கணத்தில் தொடக்கப் பாடமாகச் சொல்லித்தரப்படுவது தன்வினை, பிறவினை வேறுபாடு. தேய்தல் தன்வினை, தேய்த்தல் பிறவினை. சுவரின் வண்ணம் வெளுக்கிறது, கதவின் மெருகு மங்குகிறது, வாஷர் இறுகித் தண்ணீர் கசிகிறது, சன்னல் கம்பியில் துரு ஏறுகிறது. இவற்றையெல்லாம் செய்வது காலம், வெயில், கடற்காற்று. நாம் அவ்வீட்டில் இல்லாமல் பூட்டியே கிடந்திருந்தாலும் இவற்றில் பாதிக்கு மேல் நடந்தேறியிருக்கும். தேய்மானம் என்கிறோம் இதை. கல்லெறிந்து கண்ணாடியை உடைப்பதும், டைல்ஸின்மேல் அம்மிக்கல்லைப் போட்டுப் பிளப்பதும், அனுமதியின்றிச் சுவரை இடித்து அலமாரி செருகுவதும் வேறு. அவை ஒருவர் செய்தவை. சேதம் என்ற சொல் அவற்றுக்கே உரியது. வீட்டைக் காலி செய்யும் நாளில் எழுதப்படும் தாளின் வேலை ஒன்றே ஒன்று: தன்வினையைப் பிறவினையாக்குவது. 'சுவர் மங்கியது' என்பது 'நீ மங்கச் செய்தாய்' என்று ஆகிறது. அவ்வாறு ஆகிற கணத்தில் பணம் கைமாறிவிடுகிறது.

இவ்வேறுபாடு நம் கற்பனையன்று. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. குத்தகைதாரர் சொத்தை எந்த நிலையில் பெற்றாரோ அந்த நிலையில் திருப்பித்தர வேண்டும். ஆனால் நியாயமான தேய்மானத்தால் ஏற்பட்ட மாற்றங்களுக்கும், தடுக்கவியலாத பெருவிசையால் ஏற்பட்ட மாற்றங்களுக்கும் அவர் பொறுப்பல்லர். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட இந்த நியாயம், நாம் அறிந்தவரையில், எந்தச் சென்னை வீட்டின் கூடத்திலும் உச்சரிக்கப்பட்டதில்லை.

தேய்மானத்தின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கும் விடை புதிதன்று. வாடகை என்பதே அதற்கான விலை. வண்டியை வாடகைக்கு எடுத்தவரிடம் 'டயர் தேய்ந்துவிட்டது, தனியே பணம் கொடு' என்று எவரும் கேட்பதில்லை. வருமான வரிச் சட்டமும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. வீட்டு வாடகை வருமானத்தில் நகராட்சி வரி போக எஞ்சியதில் 30 சதவீதத்தைக் கழித்துவிட்டே மீதிக்கு வரி போடுகிறார்கள். அந்த 30 சதவீதத்துக்கு உரிமையாளர் ஒரு ரசீதும் காட்ட வேண்டியதில்லை. ஓராண்டு முழுவதும் ஓர் ஆணியைக்கூட மாற்றாதவருக்கும் அது உண்டு. வீடு என்றால் பராமரிப்புச் செலவு இருக்கும், அது வாடகைக்குள்ளிருந்தே போகும் என்ற அனுமானத்தின்மேல் தரப்படும் சலுகை அது. அரசிடம் பராமரிப்புக்கென்று கழித்துக்கொண்டு, குடியிருந்தவரிடமும் பராமரிப்புக்கென்று பிடித்துக்கொள்வது, ஒரே சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்த கணக்கு.

நம் தாளுக்குத் திரும்புவோம். குடிபுகுவதற்குச் சற்றுமுன் அடித்த பெயிண்ட் அது. உட்சுவர்ப் பூச்சின் ஆயுள் ஐந்தாண்டு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆறாம் ஆண்டில் அச்சுவரில் நாம் அழிப்பதற்கு மிச்சமிருந்தது என்ன? ஒரு வாதத்துக்காக நான்காம் ஆண்டின் முடிவில் நம் வீட்டுக் குழந்தைகள் சுவர் முழுதும் மெழுகுக்கோலால் கிறுக்கியிருந்தார்கள் என்றே கொள்வோம். அப்போதும் வீட்டுக்காரர் இழந்தது ஓராண்டுப் பூச்சை மட்டுமே. செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கலாம். பழையதை இழந்தவருக்குப் புதியதை வாங்கித் தருவது ஈடு ஆகாது. அதற்குப் பரிசு என்று பெயர். குழாய்களின் கதையும் இதுவே. போர் தண்ணீரின் உப்பு படிந்து அடைத்துக்கொண்ட குழாய்கள் அவை. அந்த உப்பை நாம் ஊரிலிருந்து கொண்டுவரவில்லை.

சேதம் என்ற சொல்லுக்குள் இன்னும் எவையெவையோ ஒளிந்துகொள்கின்றன. நம்முடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவருக்குச் சமையலறையில் மீன் வறுத்த வாடை போகவில்லை என்று சொல்லி வீடு முழுமைக்கும் மறுபூச்சுக் கூலி பிடித்தார்கள். எந்தச் சுவரிலும் கறை இல்லை. கண்ணுக்குப் புலப்படாத அச்சேதத்தின் பெயர் என்னவென்று அவருக்கும் தெரியும், பிடித்தவருக்கும் தெரியும்.

இதனினும் கொடியது வேறொரு நண்பருக்கு நேர்ந்தது. முடிச்சூர்ப் பகுதியில் தரைத்தளத்தில் குடியிருந்தவர் அவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டினுள் இடுப்பளவு தண்ணீர். கட்டில், மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, பிள்ளைகளின் சான்றிதழ்கள், இருபதாண்டுகளாகச் சேர்த்த சிற்றிதழ்களின் தொகுப்பு எல்லாம் போயின. நான்கு மாதம் கழித்து வீட்டைக் காலி செய்தபோது, ஊறிப் புடைத்துவிட்ட பிளைவுட் அலமாரிகளுக்காக 25,000 ரூபாய் பிடித்தார் வீட்டுக்காரர். தடுக்கவியலாத பெருவிசை என்று 1882இல் எழுதியவர்கள் மனத்தில் எண்ணியது இதைத்தான். ஓர் ஏரியே வீட்டுக்குள் நுழைந்ததற்குக் குடியிருந்தவர் ஈடு கொடுத்தார். அவருடைய புத்தகங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

*

ஏன் கொடுக்கிறோம்? ஏன் கையெழுத்திடுகிறோம்? அறியாமை ஒரு காரணம். முதற்காரணம் அதுவன்று. பணம் அவர் கையில் இருக்கிறது என்பதே முதற்காரணம்.

புதிய வீட்டுக்குரிய அட்வான்ஸைப் பழைய வீட்டின் அட்வான்ஸ் திரும்பிவருவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். நடுத்தரக் குடும்பமொன்றில் அந்த ஒன்றிரண்டு லட்சம் எங்கிருந்து வரும்? நகை அடகுக்குப் போகும். அல்லது உறவினரிடம் கைமாற்று. வட்டி அன்றாடம் ஏறிக்கொண்டிருக்க, வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, 39,000 ரூபாய்க்காக வழக்காடுவதா, 81,000 ரூபாயை வாங்கி நகையை மீட்பதா? இந்தக் கேள்விக்கு விடை என்னவென்று வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். தாளில் எழுதப்படுகிற தொகை வீட்டின் நிலையைப் பார்த்து எழுதப்படுவதில்லை. எதிரில் நிற்பவரின் அவசரத்தைப் பார்த்து எழுதப்படுகிறது.

ஒரு வழக்கில் வாதி ஒருவர், சாட்சி ஒருவர், நீதிபதி ஒருவர், தீர்ப்பை நிறைவேற்றும் அமீனா ஒருவர் என்று நால்வர் இருப்பார்கள். காலி செய்யும் நாளில் இந்நால்வரும் வீட்டுக்காரர் ஒருவரே. பணத்துக்கு உரியவரான குடியிருந்தவருக்கு அங்கே கிடைக்கும் பாத்திரம் மனுதாரர் மட்டுமே; தன் பணத்தைத் தானே யாசிக்கும் மனுதாரர்.

அத்துடன், அப்பணம் ஆறாண்டுகள் சும்மா இருக்கவில்லை. 1,20,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 6 சதவீதத் தனிவட்டி என்று எளிமையாகக் கணக்கிட்டாலும் 43,200 ரூபாய் ஆகிறது. அவர் எழுதிய பிடித்தமே 39,000தான். சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவை நம் பணத்தின் வட்டியே கட்டிவிட்டு மிச்சமும் வைத்திருந்தது. எந்தத் தாளிலும் அந்த வரவு எழுதப்படுவதில்லை.

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கலாம். 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்றது. அச்சட்டம் உயிரோடிருந்த காலம் முழுவதும் சென்னை பத்து மாத வாடகையை வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட வைப்புத்தொகை கேட்பது சட்டவிரோதம் என்கிறது. வீட்டை விட்ட ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித்தர வேண்டும் என்கிறது. இரண்டாம் அட்டவணையில் வேலைகளையும் பங்கிட்டிருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, உடைந்த சன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு முதலியன குடியிருப்பவர் பொறுப்பு. கட்டுமானப் பழுது, மின்கம்பி, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல் ஆகியன உரிமையாளர் பொறுப்பு. நம் தாளில் முதலிரண்டு வரிகளாக நின்ற 32,000 ரூபாய், சட்டத்தின் பட்டியலில் வீட்டுக்காரர் பக்கம் இருப்பது. சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்த நாளில் அதை நாம் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஆனால் சட்டத்தை மட்டும் புகழ்ந்து நிறுத்த முடியாது. மூன்று மாத உச்சவரம்பைச் சொல்கிற பிரிவு, 'மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற தொடரோடுதான் தொடங்குகிறது. 1882இன் பிரிவும் 'மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதவிடத்து' என்ற வாசல் வழியாகவே நம்மை உள்ளே விடுகிறது. வீடு தேடி அலைபவருக்கு ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றும் வலிமைகூட இல்லை. வீட்டுக்காரர் அச்சடித்துக் கொண்டுவரும் தாளில் 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்காகப் பிடிக்கப்படும்' என்று இருக்கும். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்திடுவோம். வலியவர் எழுத, எளியவர் ஒப்புவதை ஒப்பந்தம் என்று பெயரிட்டு, அந்த ஒப்பந்தத்துக்குச் சட்டமே வழிவிட்டு ஒதுங்கி நிற்குமானால், சட்டம் யாருக்காக எழுதப்பட்டது?

*

வீட்டுக்காரர் தரப்பு நமக்குத் தெரியாததன்று. ஓய்வூதியமில்லாத முதியவர் ஒருவர், வாழ்நாள் சேமிப்பில் கட்டிய ஒரே மாடியை வாடகைக்கு விட்டு அதில் மருந்து வாங்குகிறார். மூன்று மாத வாடகையும் மின்கட்டணமும் பாக்கி வைத்து இரவோடிரவாகப் போனவர்களைப் பார்த்தவர் அவர். வாஷ்பேசினை உடைத்துவிட்டுச் சோற்றுப்பருக்கையால் ஒட்டிவைத்தவர்களையும், ஒரு குடும்பம் என்று சொல்லிப் பதினோரு பேரைக் குடிவைத்தவர்களையும் அவர் கண்டிருக்கிறார். உண்மையான சேதத்துக்கு அவர் உண்மையான ஈடு பெற வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் இன்றைய வழக்கம் அவருக்கும் நீதி செய்வதில்லை. நல்லவிதமாகக் குடியிருந்தவரிடமும் பிடிக்கிறார்கள், வீட்டைப் பாழாக்கியவரிடமும் பிடிக்கிறார்கள் என்னும்போது, எப்படியும் போகப்போகிற பணத்துக்காக எவர் வீட்டைப் பேணுவார்? கடைசி மாதங்களின் வாடகையைக் கொடுக்காமல் 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்கிற வழக்கம் எங்கிருந்து பிறந்தது? பிடித்தம் பற்றிய அச்சத்திலிருந்தே பிறந்தது. அவநம்பிக்கை அவநம்பிக்கையையே ஈனும்.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ளாமல் மேற்செல்வது நேர்மையாகாது. தந்தையார் மறைந்தபின் ஊரிலிருந்த வீட்டை நாமும் வாடகைக்கு விட்டோம். நான்காண்டுகள் குடியிருந்துவிட்டுப் புறப்பட்ட வங்கி ஊழியரிடம் வெள்ளையடிக்க என்று 8,000 ரூபாய் பிடித்துக்கொண்டோம். அவர் எந்தச் சுவரையும் கெடுத்திருக்கவில்லை. 'எல்லாரும் பிடிக்கிறதுதான் சார்' என்றார் புரோக்கர். நமக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த ஊழியர் ஒரு சொல்லும் பேசாமல் மீதியை எண்ணி வாங்கிக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்துச் சென்னையில் அந்தத் தாளின்முன் நாம் நின்றபோதுதான் அவருடைய மௌனம் என்னவென்று புரிந்தது. அவருடைய முகவரியைத் தேடிப்பிடித்துப் பணத்தை அனுப்பினோம். அதனால் நாம் நல்லவராகிவிடவில்லை. ஆனால் ஒன்று தெளிந்தது. கெட்ட மனிதர்கள் வேண்டியதில்லை, கணக்குக் கேட்பார் இல்லாத பணம் கையில் இருந்தால் போதும். சாதாரண மனிதரே அதைச் செய்துவிடுவார்.

ஆகவே நல்ல வீட்டுக்காரர், கெட்ட வீட்டுக்காரர் என்று பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பணத்தை மூன்றாவது கையில் வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1977இலேயே இதற்கென்று சட்டம் இயற்றி, வைப்புத்தொகையை அரசு வாரியத்திடம் ஒப்படைக்கச் செய்தது. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், அரசு அங்கீகரித்த காப்புத் திட்டத்தின்கீழ் அத்தொகையைக் கொண்டுவராமல் வீட்டுக்காரர் வைத்துக்கொள்ள முடியாது. பிணக்கு எழுந்தால், பணம் குடியிருந்தவருடையது என்ற நிலையிலிருந்தே அத்திட்டங்களின் நடுவர்கள் விசாரணையைத் தொடங்குகிறார்கள். சேதத்தை நிறுவ வேண்டிய கடமை வீட்டுக்காரருடையது. பொருளின் வயதைக் கழித்தே ஈடு கணக்கிடப்படுகிறது. அங்கும் வீட்டுக்காரர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வாடகை வீடுகள் மறைந்துவிடவில்லை.

நாம் கேட்பவை நான்கு. முதலாவது, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் வைப்புத்தொகைப் பிரிவிலிருந்து 'மாறான ஒப்பந்தம்' என்ற தொடர் நீக்கப்பட வேண்டும். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். இரண்டாவது, அத்தொகையை, அச்சட்டமே ஏற்படுத்தியிருக்கும் வாடகை அதிகார அமைப்பின் பொறுப்பில் வைக்க வழிசெய்ய வேண்டும். மூன்றாவது, குடிபுகும் நாளில் ஒவ்வோர் அறையின் நிலையும் பெயிண்ட் அடித்த ஆண்டோடு எழுதப்பட்டு, தேதியிட்ட படங்களுடன் இருவரும் கையெழுத்திட்ட பட்டியல் ஒப்பந்தத்தின் பகுதியாக வேண்டும். அப்பட்டியல் இல்லாதவருக்குப் பிடித்தம் செய்யும் உரிமையும் இல்லை என்றாக வேண்டும். நான்காவது, செலவழித்ததற்கு ரசீதும், வயதைக் கழித்த கணக்கும் இன்றி ஒரு ரூபாயும் பிடிக்கக்கூடாது. நகைக்கடையில்கூடச் சேதாரம் எவ்வளவு என்று பில்லில் போட்டுத் தருகிறார்கள். பத்து மாத வாடகையைக் கையில் வைத்திருப்பவர் அந்த அளவுக்காவது கணக்குக் காட்டலாகாதா?

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலையும் உண்டு. இதைப் படிக்கும் நம்மில் பலர் ஓரிடத்தில் குடியிருப்பவர், இன்னோரிடத்தில் வீட்டுக்காரர். அடுத்த முறை வெற்று அறைகளினூடே முன்னே நடக்கும் முறை நமக்கு வரும்போது, முதல்நாளே தாளை எழுதிவைக்காமல் போவோம். ஒவ்வொரு கறையின் முன்னும் நின்று, இது தேய்ந்ததா, தேய்த்ததா என்று கேட்போம். தேய்ந்தது என்றால் அந்தச் செலவு நம்முடையது. அதற்காகத்தான் மாதந்தோறும் வாடகை வாங்கினோம்.